நம்ம ஊர் சேனல் டிஷ்ஷில் ஏன் வரவில்லை? கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலங்கைமான் பக்கம் பதினாலு வருடம் கேபிள் நடத்தினேன். இப்போது கும்பகோணத்தில் சின்னதாக ஒரு கடை: செட்டாப் பாக்ஸ், ரீசார்ஜ், டிஷ் மாட்டுவது. வருகிறவர்கள் கேட்பதெல்லாம் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான். ஒரு நாளைக்கு நாலு தரம் பதில் சொல்லித் தொண்டை கட்டிப்போனதால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. நான் வக்கீல் இல்லை. தொழிலுக்காகப் படித்த விதிகளைத்தான் சொல்கிறேன்.

அண்ணே, கேபிளை எடுத்துட்டு டிஷ் மாட்டினேன். எல்லாம் பளிச்சுன்னு வருது, நம்ம ஊர் சேனலை மட்டும் காணோம். கொஞ்சம் டியூன் பண்ணிப் பாருங்களேன்?

எத்தனை தரம் டியூன் பண்ணினாலும் வராது. டிஷ் வாங்குவது செயற்கைக்கோளிலிருந்து வருவதை. நம்ம ஊர் சேனல் அந்தப் பக்கமே போவதில்லை. கேபிள் கண்ட்ரோல் ரூமில் ஒரு கம்ப்யூட்டரில் ஓடுகிறது, அங்கிருந்து வயர் வழியாக வீட்டுக்கு வருகிறது. வயரைக் கழற்றினால் அதுவும் கழன்றுவிடும்.

போன ஆடியில் ஒரு அம்மா கடைக்கு வந்து கண் கலங்கினார். டிஷ் மாட்டி எட்டு நாள்தான் ஆகியிருந்தது. பக்கத்து ஊரில் ஒன்றுவிட்ட மாமா தவறிப்போனது காரியம் முடிந்த பிறகுதான் தெரிந்ததாம். “கேபிள் இருந்தா கண்ணீர் அஞ்சலி ஓடியிருக்கும், பாத்திருப்பேனே தம்பி” என்றார். டிஷ் மாட்டும் முன்பு இதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். அன்றிலிருந்து முதலில் சொல்லிவிடுகிறேன்.

அதுவும் சேனல்தானே? மத்த சேனலெல்லாம் வரும்போது இதுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?

நாம் எல்லாவற்றையும் ‘சேனல்’ என்கிறோம், விதிகள் அப்படிப் பார்ப்பதில்லை. தூர்தர்ஷன் ஒரு வகை. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தில் அனுமதி வாங்கிச் செயற்கைக்கோளுக்கு ஏற்றப்படும் தனியார் சேனல் இன்னொரு வகை. மூன்றாவது, கேபிள் நிறுவனமோ டிஷ் நிறுவனமோ தன் சந்தாதாரருக்கு மட்டும் தானே ஓட்டுவது. இதற்கு ‘பிளாட்ஃபார்ம் சர்வீஸ்’ என்று பெயர். கோவில் விசேஷம், கல்யாண வீடியோ, ஜவுளிக்கடை விளம்பரம், கண்ணீர் அஞ்சலி என்று ஓடும் நம்ம ஊர் சேனல் இந்த மூன்றாவது ரகம்.

பல வருடம் இதற்குத் தெளிவான விதி கிடையாது. 2022 நவம்பர் 30 அன்று அமைச்சகம் கேபிளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு சேனலுக்கு 1,000 ரூபாய் கட்டி ஆன்லைனில் பதிய வேண்டும். நிறுவனத்தின் மொத்தச் சேனல் கொள்ளளவில் 5 சதவீதத்துக்கு மேல் இந்த ரகம் இருக்கக் கூடாது. இதை மாநில அளவில் கணக்கிடுவார்கள். அது போக மாவட்டத்துக்கு இரண்டு சேனல் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். 2020-ல் மயிலாடுதுறை தனி மாவட்டமானபோது கலெக்டர் ஆபீஸ் வந்தது எல்லோருக்கும் தெரியும். 2022-ல் இந்தக் கணக்கில் அவர்களுக்கென்று இரண்டு சேனல் இடமும் வந்திருக்கிறது, அதை யாரும் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

டிஷ் கம்பெனிக்காரன் மனசு வச்சா போட மாட்டானா?

மனசு வைத்தாலும் விதி குறுக்கே நிற்கும். அதே 2022 வழிகாட்டுதலில் ஒரு வரி உண்டு: ஒரு கேபிள் நிறுவனம் ஓட்டும் பிளாட்ஃபார்ம் சர்வீஸ் அந்த நிறுவனத்துக்கு மட்டுமே உரியது, நேராகவோ சுற்றிவளைத்தோ இன்னொரு நிறுவனத்துடன் பகிரக் கூடாது. அதனால் நம்ம ஊர் சேனலை அப்படியே எடுத்து டிஷ்ஷில் விட வழியில்லை.

டிஷ் நிறுவனமே சொந்தமாகக் கும்பகோணத்துக்கு ஒரு சேனல் தொடங்கலாமா? 2020 டிசம்பரில் திருத்திய விதிப்படி அவர்களுக்கும் 5 சதவீத இடம் உண்டு. சேனலுக்கு ஒருமுறை 10,000 ரூபாய் கட்டினால் போதும். ஆனால் அவர்கள் ஏற்றுவது நாடு முழுக்க இறங்கும். காஷ்மீர்க்காரர் வீட்டு டிஷ்ஷிலும் நம்ம மகாமகக் குளக்கரை ஜவுளிக்கடை விளம்பரம் விழும். அந்த இடத்தில் ஒரு சினிமாச் சேனலைப் போட்டால் நாடு பூராவும் காசு வரும். நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் சினிமாவைத்தான் போடுவேன்.

அப்படின்னா நம்ம ஊர் சேனல்காரங்களே லைசென்ஸ் வாங்கி மேல ஏத்த வேண்டியதுதானே?

வாங்கலாம். செய்தி இல்லாத சேனல் என்றால் தொடங்கும் நிறுவனத்தின் நிகர மதிப்பு 5 கோடி ரூபாய் இருக்க வேண்டும். செய்திச் சேனல் என்றால் 20 கோடி. செயற்கைக்கோள் வாடகை தனி. ஏறிய பிறகும் ஒவ்வொரு நிறுவனமும் அதை எடுத்துக் காட்டக் கட்டணம் கேட்கலாம். 2020-ல் கொண்டுவந்த வரம்பு ஒரு சேனலுக்கு மாதம் 4 லட்சம்.

அதோடு, தொடர்ந்து ஆறு மாதம் நூற்றுக்கு ஐந்து சந்தாதாரர்கூட அந்தச் சேனலை எடுக்கவில்லை என்றால் நிறுவனம் அதைத் தூக்கிவிடலாம். வளையல்கடை விளம்பரத்துக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் வாங்கி ஓடும் சேனலுக்கு இதெல்லாம் ஆகிற காரியமா?

கேபிளுக்கு ஒரு சட்டம், டிஷ்ஷுக்கு ஒரு சட்டமா?

ஆமாம், இரண்டும் வேறு வேறு வழியாக வந்தவை. கேபிளுக்கு 1995-ல் கேபிள் டெலிவிஷன் நெட்வொர்க் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே தெருவெல்லாம் வயர் ஓடிவிட்டது, சட்டம் பின்னால் வந்து சேர்ந்தது. நான் தொழில் தொடங்கிய நாளில் தலைமைத் தபால் ஆபீஸில் 500 ரூபாய் கட்டி ஒரு படிவம் கொடுத்தால் ஆபரேட்டர் ஆகிவிடலாம். இப்போது அதுவும் ஆன்லைனுக்குப் போய்விட்டது.

டிஷ் விஷயத்தில் சட்டம்தான் முதலில் வந்தது. 1997-ல் அரசாங்கம் அதைத் தடையே செய்திருந்தது. 2000 கடைசியில் தடை நீங்கி, 2001 மார்ச்சில் விதிகள் வந்தன. அந்த லைசென்ஸுக்கு அடிப்படை பிரிட்டிஷ் காலத்து 1885 தந்திச் சட்டம். வயர் தெரு விவகாரம், அலைவரிசை நாட்டு விவகாரம் என்ற பார்வை இரண்டு சட்டத்திலும் இருக்கிறது. ஊர் சேனல் வயரோடு ஒட்டிக்கொண்டதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிக் காரணம் அமெரிக்கா பற்றிய கேள்வியில் வரும்.

முன்னாடியெல்லாம் லோக்கல் சேனல்ல ராத்திரி புதுப் படம் போடுவாங்களே. இப்ப ஏன் போடறதில்ல?

போட்டவர்களில் நானும் ஒருத்தன். கண்ட்ரோல் ரூம் என்று பெயர்தான், மாடிப்படிக்கு அடியில் ஒரு விசிஆர், ஒரு மேசை விசிறி, சூட்டில் இழுத்துக்கொள்ளும் கேசட். படம் நடுவில் சிக்கினால் தெருவே போன் பண்ணும். 1957 காப்புரிமைச் சட்டப்படி அது அன்றைக்கும் குற்றம்தான், யாரும் கேட்க வரவில்லை, அவ்வளவே.

இப்போது முடியாது. 2011-ல் கேபிள் சட்டத்தைத் திருத்தி எல்லாம் டிஜிட்டல் ஆக வேண்டும் என்றார்கள். கிராமம் வரைக்கும் கடைசிக் கெடு 2017 மார்ச் 31. அதிலிருந்து சிக்னல் மேலே உள்ள பெரிய நிறுவனத்தின் கண்ட்ரோல் ரூமிலேயே பூட்டுப் போட்டு வருகிறது. தெரு ஆபரேட்டர் நடுவில் எதையும் செருக முடியாது. உங்கள் ஊர் சேனலுக்கு இடம் கொடுப்பதும் எடுப்பதும் இப்போது அந்த மேல் நிறுவனம்தான். டிஜிட்டல் ஆனபோது சின்னச் சின்ன ஊர் சேனல்கள் பல காணாமல் போனது இதனால்தான்.

நான் டிடி தமிழ் பாக்கறதே இல்ல. அதை எடுத்துட்டு வேற போடுங்க.

எடுக்க முடியாது. 1995 சட்டத்தின் 8-ஆம் பிரிவு, அரசாங்கம் சொல்லும் தூர்தர்ஷன் சேனல்களைக் கேபிள்காரர் கட்டாயம் காட்ட வேண்டும் என்கிறது. டிஷ் லைசென்ஸிலும் அதே நிபந்தனை இருக்கிறது. பொதிகை 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாறியது, கட்டாயம் மாறவில்லை. 2020-க்குப் பிறகு, மாத அடிப்படைக் கட்டணத்துக்கு உங்களுக்குக் கிடைக்கும் சேனல் எண்ணிக்கையில் இவை சேர்வதும் இல்லை, அதனால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் கிடையாது.

நாலு சேனல் பாக்கறதுக்கு மாசம் 153 ரூபா எதுக்கு?

2019 பிப்ரவரியில் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) கொண்டுவந்த முறை இது. 130 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 153.40. இது சேனல்களை வீடு வரைக்கும் கொண்டுவரும் சேவைக்கு உள்ள கட்டணம். கட்டணச் சேனல் விலை இதற்கு மேலே. முதலில் 100 சேனலுக்கு இந்தத் தொகை, 2020-ல் 200 ஆக்கினார்கள். 2024 ஜூலையில் இந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள், இப்போது நிறுவனமே முடிவு செய்யலாம். ஆகவே பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் தொகை வேறாக இருந்தால் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம்.

கிரிக்கெட் மேட்ச் டிடியில போடறாங்கன்னு பேப்பர்ல வந்துச்சு. எங்க வீட்டு டிஷ்ல டிடி ஸ்போர்ட்ஸ் போட்டா வேற என்னமோ ஓடுது. ஏமாத்தறாங்களா?

ஏமாற்றவில்லை. உலகக் கோப்பை வரும்போதெல்லாம் கடையில் கூட்டம் கூடும் கேள்வி இது, நிதானமாகச் சொல்கிறேன். 2007-ல் ஒரு சட்டம் வந்தது. தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று அரசாங்கம் அறிவிக்கும் ஆட்டங்களை, உரிமை வாங்கிய தனியார் சேனல், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்கும் கொடுக்க வேண்டும். விளம்பர வருமானத்தில் தனியாருக்கு 75, பிரசார் பாரதிக்கு 25. ஐபிஎல் இந்தப் பட்டியலில் கிடையாது.

கேள்வி என்னவென்றால், அப்படி வாங்கியதைத் தூர்தர்ஷன் எங்கெல்லாம் காட்டலாம்? டிடியைக் கேபிளும் டிஷ்ஷும் கட்டாயம் காட்ட வேண்டும் என்று மேலே சொன்னேன். அப்படியானால் கோடி கோடியாகக் கொடுத்து உரிமை வாங்கிய சேனலுக்கு யார் காசு கட்டுவார்கள்? வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2017 ஆகஸ்டில் தீர்ப்பு: பகிர்ந்த ஆட்டத்தைத் தூர்தர்ஷன் தன் தரைவழிக் கோபுரத்திலும் தன் சொந்த இலவச டிஷ்ஷிலும் மட்டும் காட்டலாம், தனியார் கேபிளிலும் டிஷ்ஷிலும் கூடாது. அதனால்தான் ஒரே நேரத்தில் இலவச டிஷ் வைத்திருக்கும் எதிர்வீட்டில் ஆட்டம், காசு கட்டும் உங்கள் வீட்டில் பழைய கபடி.

அப்ப அந்த இலவச டிஷ்ஷே வாங்கிடறேன். நம்ம சேனலெல்லாம் வருமா?

டிடி ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரில் தொடங்கியது. ஒருமுறை டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கினால் போதும், மாதக் கட்டணம் இல்லை. டிடி தமிழ் வரும், மேலே சொன்ன கிரிக்கெட் வரும். ஆனால் அதில் தனியார் சேனலுக்கு இடம் ஏலத்தில் கிடைக்கிறது. அந்த ஏலத்துக்கு அதிகம் வருபவர்கள் இந்திச் சேனல்காரர்கள். தமிழ்நாட்டில் கேபிள் பரவலாக இருப்பதால் இங்குள்ள சேனல்களுக்கு அந்தச் செலவு தேவைப்படவில்லை. நம் வீட்டுச் சீரியல்களை நம்பி வாங்காதீர்கள். ஊர் சேனல் இதிலும் வராது, காரணம் முதல் பதிலில் இருக்கிறது.

அரசு கேபிள் கவர்மெண்டோடது. அவங்க நினைச்சா எல்லா ஊர் சேனலையும் போடலாமே?

அரசு கேபிள் டிவி நிறுவனம் நம்ம பக்கத்துப் பிள்ளை. 2007-ல் பதிவாகி, 2008-ல் தஞ்சாவூரிலிருந்துதான் ஒளிபரப்பைத் தொடங்கியது. 2011-ல் மாதம் 70 ரூபாய் என்று மறுபடி கிளம்பியபோது எங்கள் பக்கம் பாதி வயர் அதற்கு மாறியது. நடத்துவது மாநில அரசு. ஆனால் கேபிள் மத்தியச் சட்டத்தின் கீழ் வருகிறது. டிஜிட்டல் லைசென்ஸ் கேட்டுக் காத்திருந்து 2017-ல்தான் அதற்குக் கிடைத்தது. எனவே இரண்டாவது பதிலில் சொன்ன 5 சதவீதக் கணக்கு அதற்கும் சேர்த்துத்தான்.

எம் பையன் டெக்சாஸ்ல இருக்கான். அங்க டிஷ்லயே அவங்க ஊர் சேனல் வருதாம். அவனுக்கு வர்றது நமக்கு ஏன் வரலை?

நீடாமங்கலத்திலிருந்து வரும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தர் கேட்டது. இவருக்காகத்தான் நான் கொஞ்சம் படித்தேன். அமெரிக்காவிலும் முதலில் வரவில்லை. 1988 சட்டம், பெரிய நெட்வொர்க்குகளின் தூரத்து நிலையங்களை, ஆன்டெனாவில் அவை சரியாக எட்டாத வீடுகளுக்கு மட்டும் டிஷ்ஷில் காட்ட அனுமதித்தது. சொந்த ஊர் நிலையத்தைக் காட்டக் காப்புரிமை இடம் தரவில்லை. 1999-ல் புதுச் சட்டம் அந்த வழியைத் திறந்தது. 2002 தொடக்கத்திலிருந்து இன்னொரு நிபந்தனை: ஒரு வட்டாரத்தில் ஒரு நிலையத்தைக் காட்டினால், காட்டச் சொல்லிக் கேட்கும் மற்ற நிலையங்களையும் காட்ட வேண்டும். நாடு முழுக்க 210 வட்டாரம். சின்னச் சின்னப் பகுதிகளுக்குத் தனித்தனியாகக் கதிர் இறக்கும் செயற்கைக்கோள்களை ஏற்றினார்கள். பணத் தகராறு வந்தால் அங்கேயும் சேனல் திடீரென்று இருண்டுபோகும், அது வேறு கதை.

முக்கியமான வித்தியாசம் சட்டத்தின் அளவில் இல்லை. அங்கே ஊர் சேனல் என்பது லைசென்ஸ் வாங்கி, சொந்தக் கோபுரம் நட்டு, காற்றில் ஒளிபரப்பும் நிலையம். சட்டம் பாதுகாக்க அங்கே ஒரு பொருள் இருந்தது. இங்கே தரைவழித் தொலைக்காட்சி தூர்தர்ஷனுக்கு மட்டும். 1995-ல் உச்ச நீதிமன்றம் அலைவரிசை பொதுச்சொத்து என்று சொன்னது. அதன் பிறகு எஃப்எம் வானொலியைத் தனியாருக்குத் திறந்தார்கள், டிவி கோபுரத்தைத் திறக்கவே இல்லை. கும்பகோணத்துக்கு ஒரு கோபுரமும் ஒரு லைசென்ஸும் கிடைத்திருந்தால் இன்றைக்கு டிஷ்காரரிடம் போய் ‘காட்டு’ என்று கேட்க ஒரு பிடி இருந்திருக்கும். அது இல்லாததால் நம்ம சேனல் வயரில் முளைத்தது, வயரிலேயே நிற்கிறது.

எண்பதுகள்ல நாங்க வேதாரண்யத்துல ரூபவாகினி பாத்தோமே. அதுக்கு மட்டும் யாரு லைசென்ஸ் குடுத்தா?

யாரும் கொடுக்கவில்லை, கடல் கொடுத்தது. இலங்கைக் கோபுரத்து அலை கடல் தாண்டி நம் கரைக்கும் வந்தது, உயரக் கம்பத்தில் ஆன்டெனாவைத் திருப்பி வைத்தவர்கள் பார்த்தார்கள். காற்றடித்தால் ஒருத்தர் மாடியில் ஏறித் திருப்ப, கீழே இருப்பவர் “வருது, வருது, போச்சு” என்று கத்துவார்.

திருவாரூர் ஆழித்தேரை எங்க கேபிள்ல லைவ் போடறாங்க. அதையாவது டிஷ்ல விடலாமா?

நல்ல கேள்வி. மூன்றாவது பதிலில் பகிரக் கூடாது என்றேன் அல்லவா, அதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. கோவில், குருத்துவாரா போன்ற வழிபாட்டுத் தலங்களிலிருந்து வரும் நேரலையைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று 2022 வழிகாட்டுதலே சொல்கிறது. எனவே தியாகராஜர் தேர், வேளாங்கண்ணித் திருவிழா, நாகூர்க் கந்தூரி எல்லாம் ஒரு கேபிளிலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தடையில்லை என்றே படிக்கிறேன். டிஷ் நிறுவனம் எடுத்துக்கொள்ளுமா என்பது வியாபாரம். தேர் நிலைக்கு வந்த மறு நிமிடம் கல்யாண வீடியோவுக்குத் தாவினால் அந்த விலக்கு பொருந்தாது.

நான் யூடியூப்ல ஊர்ச் செய்தி போடறேன். ஆத்துல தண்ணி எப்ப வருது, எந்த வாய்க்கால் உடைஞ்சுதுன்னு. கேபிள்ல ஸ்லாட் கேக்கலாமா?

கேட்கலாம் தம்பி, ஆனால் செய்திக்கு விதி கொஞ்சம் இறுக்கம். உள்ளூர்ச் செய்தி காட்டும் கேபிள் நிறுவனம் ‘கம்பெனி’யாகப் பதிவாகியிருக்க வேண்டும். தனி ஆள் பெயரில் நடப்பது என்றால் செய்தி கூடாது. திரையில் ‘பிளாட்ஃபார்ம் சர்வீஸ்’ என்ற எழுத்து ஓட வேண்டும். ஒளிபரப்பிய எல்லாவற்றையும் 90 நாள் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். புகார் வந்தால் கலெக்டரோ கோட்டாட்சியரோ கேட்பார்கள்.

முன்பு இந்தச் சட்டத்தை மீறினால் சிறை வரை போகும் பிரிவு இருந்தது. 2023-ல் அதை எடுத்துவிட்டு எச்சரிக்கை, அபராதம் என்று மாற்றினார்கள். அதற்காக எதையும் சரிபார்க்காமல் போட்டுவிடாதே. மேட்டூர் திறந்த தேதியைத் தப்பாகப் போட்டால் கலெக்டருக்கு முன்னால் குறுவைக்காரர்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

ஒரு சேனல் நேத்து வரைக்கும் வந்துச்சு, இன்னிக்குக் காணோம். சொல்லாமக் கொள்ளாம எடுக்கலாமா?

கூடாது. சேனலும் கேபிள் அல்லது டிஷ் நிறுவனமும் ஒப்பந்தத்தில் முட்டிக்கொண்டால், துண்டிக்கும் முன் மூன்று வாரம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நிறுவனங்களுக்குள் சண்டை என்றால், தொலைத்தொடர்பு வழக்குகளைப் பார்க்கும் டிடிசாட் தீர்ப்பாயம் டெல்லியில் இருக்கிறது. சந்தாதாரர் தனியாக அங்கே போக வேண்டியதில்லை. நுகர்வோர் நீதிமன்றம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஊர் சேனல் காணாமல் போனால் மட்டும் இந்த நோட்டீஸ் கணக்கை எதிர்பார்க்க வேண்டாம், அது நிறுவனத்தின் சொந்தச் சரக்கு.

கேபிளும் டிஷ்ஷும் ரெண்டும் வச்சுக்கிட்டா தப்பா?

எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கஜா புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் பலர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். 2018 நவம்பரில் கம்பமெல்லாம் சாய்ந்து கரண்ட் வந்த பிறகும் வயர் வரவில்லை, டிஷ் இருந்தவர்கள் சீக்கிரம் படம் பார்த்தார்கள். டிஷ்ஷை எச்டிஎம்ஐயில் சொருகுங்கள், கேபிளை மஞ்சள் சிவப்பு வெள்ளை வயரில். கேபிளுக்குக் குறைந்த பேக் போதும். ரிமோட் மூன்றாகிவிடும், பெரியவர்கள் குழம்புவார்கள். ஊர் சேனல் வரும் ரிமோட்டின் முதுகில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித்தான் கொடுக்கிறேன், அதற்குக் காசு வாங்குவதில்லை.